கையில் காப்போடு பயிற்சிக் கல்லூரிக்குப் போனேன்

என்னை என் மாமனுக்குக் கட்டிக்கொடுப்பதாகப் பேசி முடித்துவிட்டார்கள். மாமன் என்றால் அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அவருடைய வயதை அவரே ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்லுவார். தொழில், காட்டுக்குள் கசிப்புக் காய்ச்சி விற்பது. விற்றதுபோக மிச்சத்தைக் குடிப்பதாகச் சொல்லிக்கொள்வார். உண்மையில் குடித்ததுபோக மிச்சத்தைத்தான் விற்றார். இந்த மாப்பிள்ளையிடமிருந்து என்னை மீட்டுவிடு என்றுதான் நான் மாரியம்மனிடம் அழுதேன். அவள் மீட்டாள். அதை நம் கோயில் மலரில் எழுதித் தரும்படி உங்களில் சிலர் கேட்டீர்கள். எழுதுகிறேன்.

மலரில் மற்றவர்கள் எழுதுவதை நான் படித்திருக்கிறேன். வயிற்றுவலி வந்தது, நேர்ந்துகொண்டேன், சுகமாகிவிட்டது என்று இருக்கும். ஆஸ்பத்திரியில் கொடுத்த மருந்தைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. நான் அப்படி எழுத மாட்டேன். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். அதில் அம்மன் எங்கே வந்தாள் என்பது உங்களுக்கே விளங்கும்.

கிளிநொச்சிப் பட்டணம் முழுவதும் போரால் இடம்பெயர்ந்து வந்து ஸ்கந்தபுரத்தில் நெருங்கிக் கிடந்த காலம் அது. எங்கள் குடியிருப்பு ஸ்கந்தபுரத்திலிருந்து கொஞ்சம் தள்ளிக் காட்டோரத்தில் இருந்தது. எல்லோரும் மலைநாட்டுத் தோட்டங்களை விட்டு வந்த சனம். வரும்போது கொண்டுவந்தது இரண்டுதான்: உடுத்த துணியும் மாரியம்மனும். என் அப்பா மலேரியாக் காய்ச்சலில் போய்விட்டார். நாங்கள் இருந்த காணி மாமன் பெயரில் இருந்தது. அதனால் மாமன் என்ன சொன்னாலும் அம்மா தலையாட்டுவாள். அவர் அம்மாவுக்குத் தம்பி என்றாலும், அந்த வீட்டில் அம்மாதான் அவருக்குப் பயந்தாள்.

அந்த வருடம் எங்கள் பகுதியை ஆண்ட இயக்கத்தின் காவல்துறைக்குப் பெண்களை எடுக்கப்போவதாக அறிவித்தார்கள். நேர்முகத்துக்குப் போனேன். தெரிவானேன். பயிற்சிக் கல்லூரியில் மாதக்கணக்கில் தங்கிப் படிக்க வேண்டும். மாமனுக்குச் செய்தி தெரிந்ததும் வாசலில் நின்று கத்தினார்.

"பொட்டப்புள்ள போலீசுக்குப் போனா ஊரு சிரிக்கும்."

ஊர் ஏற்கெனவே அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டுதான் இருந்தது. அது அவருக்குக் கேட்டதில்லை. கசிப்புக் காய்ச்சுகிறவனுக்குப் போலீஸ்காரி பெண்டாட்டியாக வந்தால் என்ன ஆகும் என்பதுதான் அவருடைய கவலை. ஊர் சிரிப்பதைப் பற்றி அவர் கவலைப்பட்டதாக நான் நம்பவில்லை.

அம்மா நடுவில் ஒரு வழி சொன்னாள். "தம்பி, அவ போறதுன்னா போகட்டும். அங்க சேந்துட்டா இந்தக் கல்யாணப் பேச்ச விட்டுடு. சேர முடியாமப் போச்சுன்னா சித்திரையில தாலியக் கட்டு. நான் குறுக்க நிக்க மாட்டேன்."

மாமன் உடனே சரி என்றார். எப்படியும் நான் போய்ச் சேர மாட்டேன் என்பதில் அவருக்கு அவ்வளவு உறுதி.

நேர்முகத்தில் இருந்த பயிற்சி ஆசிரியையை நாங்கள் அக்கா என்று கூப்பிட்டோம். கடைசியில் எங்களை வரிசையாக நிற்கவைத்துச் சொன்னார்:

"அங்கை வந்து பழகலாம் எண்டு ஒருத்தரும் வராதேங்கோ. பழகிக்கொண்டு வாங்கோ. விடியமுதல் எழும்ப வேணும், ஓட வேணும், ஒரு வாளித் தண்ணியில குளிக்க வேணும். கேட்ட கேள்விக்குத் தலையைக் குனிஞ்சுகொண்டு மறுமொழி சொல்லுற பிள்ளையள் எனக்கு வேண்டாம்."

நான் வீட்டிலேயே கல்லூரியைத் தொடங்கிவிட்டேன். இருட்டோடு எழும்பி வாய்க்கால் கரையால் ஓடினேன். கன்வஸ் சப்பாத்து பெரிதாக இருந்தது. முன்னுக்குப் பழந்துணி அடைத்துப் போட்டேன். முதல் வாரம் குதிக்கால் உரிந்து இரத்தம் வந்தது. அப்போது குளிக்கச் சவர்க்காரம் கிடைப்பதே அரிது. ஒரு கட்டியை நூலால் அறுத்துத் துண்டுகளாக்கி, ஒரு துண்டில் எத்தனை நாள் சமாளிக்கலாம் என்று பழகினேன். அம்மா பக்கத்தில் நின்று, "சீக்கிரம், சீக்கிரம்" என்று விரட்ட விரட்டச் சாப்பிட்டு, என் கோப்பையை நானே கழுவி வைத்தேன். கட்டிலில் படுக்காமல் வெறும் பாயில் படுத்தேன். எழுந்ததும் பாயையும் போர்வையையும் விளிம்பு பிசகாமல் மடித்தேன். தலைமுடியை இரட்டைப் பின்னலாகப் பின்னி மடித்துக் கட்டவும் பழகினேன். எல்லாவற்றிலும் கடினமானது குரல்தான். எங்கள் வீட்டில் பெண்கள் உரத்துப் பேசியதில்லை. வாய்க்கால் கரையில் நின்று, என் பெயரையும் அப்பாவின் பெயரையும் கொக்குகள் எழும்பிப் பறக்கும்வரை கத்திச் சொன்னேன்.

அம்மா கூலிக்குப் போகும் வயல்காரம்மா யாழ்ப்பாணத்திலிருந்து குடியேறியவர். அவர் வரம்பில் நின்று என்னைப் பார்த்தார்.

"உங்கட ஆக்களுக்கு உந்த ஓட்டமெல்லாம் என்னத்துக்குப் பிள்ளை? வயலுக்கு ஆள் காணாமல் கிடக்கு."

அவருடைய மகள் சுகந்தியும் அதே கல்லூரிக்குத் தெரிவாகியிருந்தாள். அவள் ஓடினால் அது உடற்பயிற்சி. நான் ஓடினால் அது வயலுக்கு ஆள் குறைவு. கல்லூரிக்காகச் சேர்த்து வைத்த குரலை அவரிடம் செலவழிக்க எனக்கு மனம் வரவில்லை.

பங்குனியில் எங்கள் அம்மன் திருவிழா வந்தது. கல்லூரி தொடங்குவது திருவிழா முடிந்த பிறகுதான் என்று சொல்லியிருந்தார்கள். நான் தெரிவானால் காப்புக் கட்டித் தீச்சட்டி எடுப்பேன் என்று அம்மா என் பெயரில் நேர்ந்திருந்தாள். ஆகவே கொடியேற்றத்தன்று பூசாரி என் கையில் மஞ்சள் காப்பைக் கட்டினார். நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். அன்றைக்கே பூசாரி தனியாகத் தப்பு அடித்துக்கொண்டு போய், எல்லை மரங்களில் வேப்பிலையும் சிவப்புத் துணியும் கட்டி ஊருக்கு எல்லை கட்டுவார். கடைசி நாள் அதே வழியாகக் கரகம் போய் எல்லையை அவிழ்க்கும். அதுவரை காப்புக் கட்டியவர் எல்லை தாண்டக்கூடாது. தாண்டினால் ஊரில் அம்மை விளையாடும் என்பார்கள். நான் அதை நம்புகிறவள். இன்றைக்கும் நம்புகிறேன்.

காப்புக் கட்டிய ஐந்தாறு நாளில் சுகந்தி சைக்கிளில் வந்து இறங்கினாள்.

"கல்லூரியை வேற இடத்துக்கு மாத்திப்போட்டினம். கொட்டிலெல்லாம் போட்டு முடியுதாம். வாற திங்கட்கிழமையே போகவேணும். விடிய ஸ்கந்தபுரம் சந்தியில நிக்கட்டாம், உழவு மெசின் வந்து ஏத்துமாம். வராத ஆக்களின்ர இடத்துக்கு வேற ஆக்களை எடுக்கப்போகினமாம்."

திங்கட்கிழமை திருவிழா நடுவில் வந்தது. ஸ்கந்தபுரம் சந்தி எல்லைக்கு வெளியே இருந்தது. நான் என் கையைக் காட்டினேன்.

"உது நூல்தானே? அறுத்துப்போட்டு வா" என்றாள் சுகந்தி.

நூல்தானாம். படித்த பிள்ளை. அவளுடைய வீட்டில் சாமியறைக்கே பூட்டும் திறப்பும் இருக்கிறது. அவளுக்கு எப்படி விளங்கும்? நான் உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதேன். அறுத்தால் அம்மனுக்குத் துரோகம். அறுக்காவிட்டால் சித்திரையில் தாலி. வேறு வழி இல்லை என்றே நினைத்தேன்.

மாமன் காதுக்கு இது போக எவ்வளவு நேரம் எடுக்கும்? பூசாரி அவருடைய கூட்டாளி. அம்மனுக்கு விரதம் இருக்கும் நாட்களில் பூசாரி மீன், இறைச்சி தொட மாட்டார். மாமனின் போத்தலுக்கு மட்டும் அவருடைய விரதத்தில் விலக்கு உண்டு. இருவரும் சேர்ந்து வீட்டுக்கு வந்தார்கள். பூசாரி அம்மாவைப் பார்த்துச் சொன்னார்:

"காப்போட எல்லையத் தாண்டுனா நான் பொறுப்பில்ல. ஊர்ப் புள்ளைங்களுக்கு அம்மை போட்டுச்சுன்னா சனம் ஒங்க வீட்டத்தான் கேக்கும்."

அன்றைக்கே மாமன் கல்யாணப் பந்தலுக்குக் கம்பு வெட்ட ஆள் பிடித்தார். தன் வாழ்நாளில் வேறெந்த வேலைக்கும் அவர் அவ்வளவு சுறுசுறுப்பாக இருந்ததில்லை. அம்மா என் பெட்டியில் மடித்து வைத்திருந்த வெள்ளைச் சட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை மத்தியானம் கோயிலில் ஒருவரும் இல்லாத நேரம் பார்த்துப் போனேன். அங்கே சனம் வேண்டுவதை நான் நெடுகக் கேட்டிருக்கிறேன். இதைச் செய்தால் சேவல் தருகிறேன், அதைச் செய்தால் கிடாய் தருகிறேன் என்று சந்தையில் பேசுவது போலப் பேசுவார்கள். அம்மன் என்ன இறைச்சிக் கடையா வைத்திருக்கிறாள்? நான் பேரம் பேசவில்லை. நேராகச் சொன்னேன். "தாயே, உன் காப்பை நான் அறுக்க மாட்டேன். உன் எல்லையைத் தாண்டவும் மாட்டேன். இந்த ஆளையும் கட்ட மாட்டேன். இதெல்லாம் ஒன்றாக நடக்க எனக்கு வழி தெரியவில்லை. உனக்குத் தெரியும்." சொல்லிவிட்டு விழுந்து அழுதேன். எழும்பும்போது நெஞ்சு கொஞ்சம் லேசாக இருந்தது. அவ்வளவுதான். மணி அடிக்கவில்லை, பூ விழவில்லை.

ஞாயிறு விடியற்காலை வழக்கம்போல எழும்பினேன். போகவே முடியாத கல்லூரிக்கு எதற்கு ஓட வேண்டும் என்று ஒரு மனம் சொன்னது. ஆனாலும் சப்பாத்தைப் போட்டேன். வாய்க்கால் முடிகிற இடத்தில் நிற்கும் பாலை மரம்தான் எங்கள் எல்லை. காப்புக் கட்டிய நாள் முதல் அதற்கு முன்னமே திரும்பிவிடுவேன். அன்றைக்கு விம்மிக்கொண்டே ஓடியதில் மரத்தடிவரை போய்விட்டேன். மூச்சு வாங்க நிமிர்ந்து பார்த்தேன். பாலை மரத்தில் வேப்பிலை இல்லை. சிவப்புத் துணியும் இல்லை.

காட்டுப் பாதையில் கொஞ்சம் தள்ளி ஒரு முதிரை மரத்தில் சிவப்புத் துணி தெரிந்தது. கிட்டப் போய்ப் பார்த்தேன். எங்கள் பூசாரி போடும் அதே சோம்பேறி முடிச்சு. அதற்கு அங்கால் இன்னொரு மரம், பிறகும் ஒன்று. எல்லை காட்டுக்குள் போய்க்கொண்டே இருந்தது. எனக்கு விளங்கவில்லை. ஆனால் கால் தானாகப் போனது. போகப் போகக் கத்தியால் மரம் வெட்டும் சத்தம் கேட்டது. பாதை திரும்பியதும் புதிதாக வெளியாக்கிய நிலம். புதுக் கிடுகு வேய்ந்த கொட்டில்கள், முள்ளுக்கம்பி வேலி, வாசலில் நீளமாக ஒரு படலை. படலையடியில் சீருடையோடு நின்றவர் நேர்முகத்தில் எங்களோடு பேசிய அக்காதான்.

"ஆரது? நில்லும். நீர் இஞ்சை என்ன செய்யிறீர்?"

தலையைக் குனியாமல் பெயரைச் சொன்னேன். கொக்குகளுக்குச் சொன்ன அதே குரலில்.

"தெரிவான பிள்ளையோ? நாளைக்கு எல்லோ வரச் சொன்னது?"

"அக்கா, இதுதான் புதுக் கல்லூரியா?"

"ஓம். வேறென்ன, ஆடு அடைக்கிற பட்டியோ?"

"நான் சந்திக்கு வராம நாளைக்கு இங்க நேரா வரலாமா, அக்கா? நான் காப்புக் கட்டியிருக்கேன். எல்லை தாண்டக்கூடாது."

அவர் என் கையையும் என் சப்பாத்தையும் பார்த்தார். "விடிய ஆறு மணிக்குப் படலையில நிக்க வேணும். உழவு மெசின்ல வந்தீரோ நடந்து வந்தீரோ, எனக்கு அந்தக் கதை தேவையில்லை."

கல்லூரிக்கு அங்கால் ஒரு பெரிய வீரை மரம் நின்றது. அதிலும் சிவப்புத் துணி. அதுதான் கடைசி. கிட்டப் போனபோதே மூக்கு சொல்லிவிட்டது. மரத்தடியில் மண் புதிதாகக் கிளறி மூடியிருந்தது. கசிப்பு வீட்டில் வளர்ந்தவளுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. மாமன் அங்கே கசிப்புக் காய்ச்சும் ஊறலான கோடாவைப் பீப்பாக்களில் அடைத்துப் புதைத்துப் புளிக்க வைத்திருந்தார். திருவிழா நாட்களில் தான் காட்டுப் பக்கம் வரமுடியாது என்பதால், யாரும் தொடாமல் காவல் காக்க அம்மனை வைத்திருக்கிறார். அதற்காகப் பூசாரியைப் பிடித்து, ஊர் எல்லையையே வீரை மரம்வரை இழுத்துக் கட்டுவித்திருக்கிறார். அதற்குப் பிறகுதான் கல்லூரிக்காரர் வந்து காட்டை வெட்டியிருக்கிறார்கள். கல்லூரி, கொட்டில், படலை எல்லாம் எல்லைக்கு உள்ளே.

நான் அந்த இடத்திலேயே முழங்கால் மடித்து மண்ணைத் தொட்டுக் கும்பிட்டேன். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. கோடாவைப் பற்றி அக்காவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. மாமன் மேல் இரக்கப்பட்டு அல்ல. எனக்கு அந்த எல்லை வேண்டும்.

அன்று பின்னேரப் பூசைக்கு ஊரே நின்றது. திருநீறு கொடுத்து முடிந்ததும் நான் முன்னுக்குப் போனேன்.

"பூசாரி, நான் நாளைக்குக் கல்லூரிக்குப் போறேன். காப்போடதான் போறேன்."

சனம் சலசலத்தது. பூசாரி கையை உயர்த்தினார். "எல்லையத் தாண்டக்கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?"

"தாண்டல. இந்த வருசம் எல்லை எதுவரைக்கும் கட்டுனீங்க?"

"எப்பவும் போலத்தான். பாலை மரம்."

"பாலை மரத்துல வேப்பிலை இல்லையே. காட்டுக்குள்ள வீரை மரத்துலதான் இருக்கு. யாரு கட்டுனது?"

பூசாரி மாமனைப் பார்த்தார். மாமன் கோயில் கூரையைப் பார்த்தார். கட்டவில்லை என்றால், ஊரில் வேறு யாரோ களவாக அம்மன் எல்லையை இழுத்ததாக ஆகும். சனம் இரவோடு காட்டுக்குப் போய்ப் பார்த்துவிடும். கட்டினேன் என்றால், பாலை மரம் என்று சொன்னது பொய்யாகும். பூசாரியின் மூளையில் அவ்வளவு கணக்கு ஒரே நேரத்தில் ஓடியது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

"நான்தான் கட்டுனேன்" என்றார் கடைசியில். "அம்மா உத்தரவு. இந்தத் தடவை காட்டுப் பக்கமும் கட்டச் சொன்னா."

பின்னால் நின்ற பெண் ஒருத்தி கேட்டாள்: "காட்டுல யாரு குடியிருக்கா, அம்மா காவல் காக்க?"

சனம் சிரித்தது. "காட்டுல இப்ப போலீசுப் பயிற்சிக் கல்லூரி குடியிருக்கு" என்றேன் நான். "வீரை மரத்துக்கு இந்தப் பக்கம். அம்மா எல்லைக்குள்ளதான்."

மாமனின் முகத்தில் இரத்தம் வற்றியதை அன்றுதான் பார்த்தேன். கல்யாணம் போனதை நினைத்து அல்ல. பீப்பாக்களைச் சுற்றிப் போலீஸ் குடியேறிவிட்டது என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

திங்கட்கிழமை விடிய அம்மா என் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு படலைவரை வந்தாள். சந்தியிலிருந்து வந்த உழவு மெசினில் சுகந்தி புழுதி குளித்து இறங்கினாள். முதல் நாளே பலர் அழுதார்கள். ஒரு வாளித் தண்ணீர் போதவில்லை என்று சுகந்தி முணுமுணுத்தாள். எனக்குத் தண்ணீர் மிஞ்சியது.

அடுத்த சில நாட்களில் காட்டுப் பன்றிகள் வீரை மரத்தடியைக் கிளறிவிட்டன. இரண்டு பன்றிகள் தள்ளாடிக்கொண்டு சோறு சமைக்கும் எங்கள் குசினிக்கே வந்தன. ஆசிரியர்கள் போய்ப் பீப்பாக்களைத் தோண்டி எடுத்து உடைத்தார்கள். இது ஆருடையது என்று ஊரெல்லாம் விசாரித்தார்கள். உரிமை கேட்டு ஒருவரும் வரவில்லை. தன் சரக்குக்குத் தானே சொந்தம் என்று சொல்லக்கூட வக்கில்லாத மனிதர்தான் எனக்குச் சொந்தம் கொண்டாடினார்.

திருவிழாவின் கடைசி நாள், எல்லையை அவிழ்க்கக் கரகம் காட்டு வழியாக வந்தது. வேறு வழி இல்லை, கட்டிய இடம்வரை வந்துதான் ஆக வேண்டும். தப்புச் சத்தம் கேட்டதும் அக்கா என்னைப் படலைக்கு அனுப்பினார். எல்லாப் பிள்ளைகளும் வேலியோரம் நின்று பார்த்தார்கள். கரகத்துக்குப் பின்னால் அம்மா வந்தாள். எனக்காக நேர்ந்த தீச்சட்டியை அவளே இரண்டு கையிலும் ஏந்தியிருந்தாள். பூசாரி என் காப்பை அவிழ்த்தார்.

அப்போது மாமன் முன்னுக்கு வந்து எனக்கும் அம்மாவுக்கும் நடுவில் நின்றார். "காப்புத்தான் அவுத்தாச்சே. விளையாட்டுப் போதும், வீட்டுக்கு வா புள்ள." அம்மாவின் பக்கம் திரும்பினார். "அக்கா, நீ சொல்லு அவகிட்ட."

அம்மா அவரை எதிர்த்து ஒரு சொல் பேசி நான் கேட்டதில்லை. அன்று அவள் குனியவில்லை.

"வழிய விடு, தம்பி. என் கையில நெருப்பு இருக்கு."

மாமன் விலகினார். அம்மா என் முன்னால் வந்து நின்றாள். நான் தீச்சட்டியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, படலையைத் திறந்து உள்ளே போனேன்.

இன்று நான் ஒரு காவல் நிலையத்தில் பெண்களின் முறைப்பாடுகளைக் கேட்கிறேன். தலையைக் குனிந்துகொண்டு வரும் பெண்களுக்கு முதலில் உட்கார ஒரு கதிரை கொடுத்து, நிமிர்ந்து பேசச் சொல்கிறேன். அம்மா என்னோடு இருக்கிறாள். மாமன் இருந்த இடத்திலேயே இருக்கிறார். அவருக்காகவும் வேண்டிக்கொள் என்று சிலர் சொல்கிறார்கள். அம்மனுக்கு வேறு வேலை இருக்கிறது.

அன்பான அடியார்களே, உங்களுக்கும் வழி அடைபட்டிருந்தால் அவளிடம் போங்கள். இடையில் பூசாரி வேண்டாம், கிடாயும் வேண்டாம். எது முடியும், எது முடியாது என்று நேராகச் சொல்லுங்கள். சொல்லிவிட்டுச் சுருண்டு படுக்காமல், அடுத்த நாள் விடியவும் எழும்பிச் சப்பாத்தைப் போடுங்கள். என் மாமன் நாலு பீப்பாக் கோடாவுக்காக எங்கள் தாயைக் காட்டுக்குள் காவலுக்கு நிறுத்தினார். அவள் மறுக்காமல் போய் நின்றாள். நான் வரும்வரை நின்றாள்.